கால் கிலோ மல்பெரி

ஒரு ஊரிலே ஒரு பழவண்டிக்காரி. ஊர் மைசூர், பேட்டை விஜயநகர், காலம் போன செவ்வாய்க்கிழமை. வண்டி நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு, கேட்டு வந்தவரிடம் இல்லை என்றாளாம்.

"அதெப்படி இல்லேன்னு சொல்லுவா? நீங்க வாங்க!" என்று கணவர் சுரேந்தரை இழுத்துக்கொண்டு பூங்கா வாசலுக்கு வந்தாள் உமாதேவி.

"விடு உமா, வேற கடையில பாத்துக்கலாம்."

"வேற எவன் கடையில மல்பெரி கிடைக்குது?"

வண்டியில் கொள்ளேகால் பக்கத்து மல்பெரி, கறுகறுவென்று கூடை நிறைய. வண்டிக்காரி பஞ்சவர்ணம் முன்னால் நின்ற ஒரு பெண்ணுக்கு அரைக் கிலோ போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்குக் கால் கிலோ போடும்மா."

"உங்களுக்கு இல்லீங்க்கா."

"கூடை நிறைய இருக்கே!"

"இருக்குதுங்க. சாருக்குக் குடுக்கறதுக்கில்லீங்க. வாழைப்பழம் வேணா எடுத்துக்கோங்க."

பழம் வாங்கின பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உமாதேவிக்குச் சுருக்கென்றது.

"நாங்க என்ன பிச்சையா கேட்டோம்? இவரு அண்ணன் குடல் கேன்சர்ல போய்ச் சேர்ந்தாரு, தெரியுமா? கண்டுபிடிச்சு மூணே மாசம். கூடப்பொறந்தவங்க எல்லாம் குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு தடவை போனோம். ரெண்டு தடவையும் குடல் சுத்தமா இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை மறுபடி போறோம். இந்தப் பழமெல்லாம் அந்த நோயைத் தடுக்கலாம்னு ஆராய்ச்சி நடக்குதாம். அவரு உயிரோட விளையாடறியா நீ?"

"பழம் நல்லதுதானுங்க்கா. டெஸ்டு முடியட்டும், நானே வூட்டுக்குக் கொண்டாந்து தாரேன்."

"அதுவரைக்கும் குடுக்க என்னவாம் உனக்கு? திமிரா?"

"போலாம் வா உமா," சுரேந்தர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவருக்கு முகம் வியர்த்திருந்தது.

நின்றிருந்த பெண் போகிற வரைக்கும் பஞ்சவர்ணம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கூட்டுக்காரருக்கும் போன வருசம் இதே டெஸ்டு எடுத்தாங்க. ஆரம்பத்துலயே தெரிஞ்சதால ஆளு இன்னைக்கு எந்திரிச்சு நடமாடறாரு. அப்பத்தான் நர்சம்மா சொன்னாங்க, மூணு நாளைக்கு முன்னாடியே விதைப் பழத்தைக் கண்ணுலயும் காட்டாதேன்னு. பொடி விதை உள்ளேயே நின்னுக்குமாம். கேமராவுக்கு ஒண்ணும் தெரியாதாம்."

உமாதேவிக்குப் பகீரென்றது. ரெண்டு தடவையும், போகிறதுக்கு முந்தின ராத்திரிவரை இந்தப் பழத்தைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தது அவள்தான்.

"ஒருவேளை பட்டினி கிடந்தா போதும்னுதானே எங்களுக்குத் தெரியும்! பாவம், இவரு தெரியாமத் தின்னுட்டாரு."

"தெரியாமயாங்க்கா?" பஞ்சவர்ணம் சுரேந்தரைப் பார்க்காமல், பழக்கூடையைப் பார்த்துச் சொன்னாள். "ஊரு பூரா விதையில்லாத பழம் இருக்கான்னுதான் கேக்குது. டெஸ்டு வர்ற வாரம் மட்டும் சார் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போன்ல தேதி பேசிக்கிட்டே, 'எதுல விதை நெறைய இருக்கோ அதைக் குடு'ன்னு கேக்கறாருங்க."

உமாதேவி மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"பயமா இருக்கு உமா," என்றார் அவர்.

"எனக்கு மட்டும் இல்லையா? வாங்க வீட்டுக்கு," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.