மக்கு லேப்டாப்

"சுத்தியல் எங்கடி?" என்று அவன் உறுமியதும், அவளே எழுந்து போய் எடுத்து வந்து கொடுத்தாள். கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் முகவாய்க்கு இறங்கிக்கொண்டிருந்தது. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள் என்று அவனுக்குள் ஒரு திருப்தி.

லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவன், வீட்டில் உடைக்கப் போகும் மூன்றாவது லேப்டாப் இது. மூன்றுமே அவளுடைய மொழிபெயர்ப்பு வேலைக்கு வாங்கியவை. முதலாவது, அவள் தன் அக்காவோடு பேசியதற்காகப் போனது. இரண்டாவது, வீங்கிய கன்னத்தைப் படம் எடுத்து வைத்ததற்காக. ஹார்ட் டிஸ்க்கைத் தேடிப்பிடித்துப் பொடியாக்கியிருந்தான். அப்போது ஸ்டேஷனுக்குப் போனவளை, "ஆதாரம் இருக்காம்மா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நான்கு மாதத்துக்கு முன் இந்த மூன்றாவதை அவளே தேர்ந்தெடுத்தபோது, கடைக்காரர் முன்னால் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அலுமினிய உடம்பு, கண்ணைப் பறிக்கிற ஸ்க்ரீன், வெண்ணெய் மாதிரி கீபோர்டு. எல்லாம் சரி, ஆபரேட்டிங் சிஸ்டம்? பிரவுசரை விட்டா ஒண்ணும் ஓடாது. உருப்படியா ஒரு சாப்ட்வேர் ஏத்த முடியாது. எடுத்த படத்தைக்கூட உள்ள வச்சுக்கத் துப்பில்ல, அதுவும் நெட்டுக்குத்தான் போகும். நெட் இல்லன்னா வெறும் தட்டு!"

"எனக்கு இது போதுங்க."

"ஜாடிக்கேத்த மூடி! மக்குக்கு ஒரு மக்கு லேப்டாப்!"

இன்று காலை அதைச் சாப்பாட்டு மேஜையில் திறந்தபடியே விட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போயிருந்தாள். திரையில் வரிசையாகப் படங்கள். கன்றிப்போன தோள், வீங்கிய மணிக்கட்டு, கழுத்தில் அவனுடைய ஐந்து விரல்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி.

முடியைப் பிடித்து இழுத்து வந்து, மேஜை விளிம்பில் அவள் முகத்தை மோதினான். அவள் கத்தவில்லை. அதில் அவனுக்கு வெறி இன்னும் ஏறியது. அப்போதுதான் சுத்தியலைக் கேட்டான்.

ஓங்கினான். கேமரா பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி மின்னியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"படமா எடுக்குற? எங்கிட்டயேவா?" கேள்விக்கு ஓர் அடி. திரை சிதறியது. கீபோர்டின் கட்டைகள் உடைந்த பல்லாய்த் தெறித்தன. அலுமினியம் மட்டும் லேசில் மசியவில்லை. பாவி, நல்ல பொருள்தான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டே அடித்தான்.

பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பி, மெமரி சிப்பைத் தேடி எடுத்தான். அதைத் தனியாக வைத்து நசுக்கினான். கால் மணி நேர வேலை. செய்வதைத் திருந்தச் செய்கிறவன் அவன்.

"இப்பப் போய்ச் சொல்லு, யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு. ஆதாரம் கேப்பாங்கல்ல? இந்தா, அள்ளிட்டுப் போ!"

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். அழைப்புமணி அடித்தது.

வாசலில் இரண்டு பெண் போலீஸ். மூத்தவர் தன் கைபேசியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இவங்க அக்கா அனுப்புனாங்க. நாலு மாசப் படம் அத்தனையும் இருக்கு."

கடைசிப் படத்தில் அவனே இருந்தான். சுத்தியலை ஓங்கியபடி, நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டு.

அவன் குனிந்து தரையில் கிடந்த தூளைப் பார்த்தான். "அது எப்படி... சிப்பைக்கூட விடலையே நான்!"

உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவன் கண்ணைப் பார்த்து அவள் சொன்னாள்:

"நீங்கதானே சொன்னீங்க, இது உள்ள எதையும் வச்சுக்காதுன்னு?"