செடியின் பங்குத் தண்ணீர்

எங்கள் குடியிருப்பில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு குடம் தண்ணீர். பால்கனியில் கட்டாயம் வளர்க்க வேண்டிய காகிதப்பூச் செடிக்கு இரண்டு குடம். நாங்கள் நாறினாலும் அரசாங்கத்துக்குப் பூ முக்கியம்.

என் மனைவி ஜெசிந்தா துணிந்துவிட்டாள். செடியின் பங்கில் நாங்கள் குளித்தோம். தாகமெடுத்தால்தான் காகிதப்பூ பூக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. பால்கனி கொள்ளாமல் பூத்துவிட்டது.

சோதனைக்கு வந்த அதிகாரி, "என்னமா கவனிச்சிருக்கீங்க!" என்று கைதட்டினார்.

எதிர்வீட்டு மகிமைராஜ் சொட்டுக் குறையாமல் செடிக்கே ஊற்றியவர். அவர் செடியில் வெறும் இலை. தண்டனையாக அவருடைய குடத்தைப் பாதியாக்கிவிட்டார்கள்.

மாலையில் வியர்வை வாடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, என்ன உரம் போடுதிய? சத்தியமா யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

ஜெசிந்தா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க நல்லா குளிங்கண்ணே. மத்ததச் செடி பாத்துக்கிடும்."