இரவல் கால்

பவளக்கொடியின் கணுக்காலில் ஒரு மின்பட்டை, பின்னால் மலையேறும் சக்கர நாற்காலியில் வந்த ஜஸ்டினின் பிடரியில் அதன் ஜோடி. அவள் பாதம் உணர்வதெல்லாம் அதன் வழியாக அவருக்கும் போகும். ஒரு விபத்துக்குப் பிறகு அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே கிடையாது. அவருக்காக நடக்க வந்த தன்னார்வலர் அவள்; அவருக்கு நோகக் கூடாதென்று பஞ்சு வைத்த ஷூ போட்டு வந்திருந்தாள்.

"கொல்லிமலைக்கு வந்தும் மெத்தை மேல நடக்கிற மாதிரியே இருக்கும்மா" என்று அலுத்துக்கொண்டார்.

ஷூவைக் கழற்றினாள். நாலடி போவதற்குள் முள் தைத்தது. "ஆ!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"பொறுத்துக்குங்க ஐயா, எடுத்துடறேன்" என்று குனிந்தாள்.

"இரும்மா" என்றார், கண்ணை மூடியபடி. "இத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கு. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டும்."

பவளக்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு, முள் தைத்த காலை மெல்ல ஊன்றினாள்.