தலைவரின் பேறுகால விடுப்பு

எங்கள் நரம்பியல் துறைத் தலைவர், கொத்து மீசை வைத்த அறுபது வயது ஆண், பிள்ளை பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வகத்தை எட்டிப் பார்க்க வரும் நான் அதை என் கண்ணாலேயே படித்தேன். அறிவிப்புப் பலகையின் கண்ணாடியில் காலை வெயில் கூசுகிறது. உள்ளே பேராசிரியர்களின் ஆய்வு விவரப் பட்டியல். புது மாணவர்கள் இதைப் பார்த்துத்தான் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். எலி மூளையில் பயம் எங்கே தங்குகிறது என்று பன்னிரண்டு வருடமாகத் தேடும் பேராசிரியை அதன் முன்னால் நிற்கிறார். அவர் விடும் மூச்சில் மூன்று மாடிக் கட்டடமும் ஆடுகிறது; கூண்டு எலிகள் ஒன்றன் முதுகுக்குப் பின்னால் ஒன்று ஒளிகின்றன. அவர் எழுதிக் கொடுத்த பத்தி தலைவரின் பெயருக்குக் கீழே இருக்கிறது. பேராசிரியையின் பெயருக்குக் கீழே வெறும் கோடு. "ஒரே சப்ஜெக்ட்னா ஒரே மாதிரிதான் எழுத வரும், மேடம். நம்ம தலைவர் போய் காப்பியடிப்பாரா?" என்கிறார் அலுவலகக் கண்காணிப்பாளர். பேராசிரியையின் நகம் கண்ணாடி மேல் கடைசி வரியைக் கீறுகிறது. "இதைச் சத்தமா படிங்க சார்." அவர் படிக்கிறார்: "பேறுகால விடுப்புக்குப் பின்... இந்த ஆய்வை மீண்டும்..." குரல் தேய்கிறது. "சொல்லுங்க, உங்க தலைவருக்கு என்ன குழந்தை? பையனா, பொண்ணா?" கண்காணிப்பாளர் சாவிக்கொத்தை எடுக்கிறார். பலகையைத் திறந்து தாளை உருவியபடி, நிமிராமலே சொல்கிறார்: "ஆமா மேடம். அப்படியே சுட்டுட்டாரு."