அனுராதாவின் வெள்ளிக்கிழமைகள்

"செத்து நாலு மாசம் ஆச்சுங்க. இன்னும் வெள்ளிக்கிழமை தவறாம எழுதிக்கிட்டிருக்கா. நீங்க சொல்லிக்கொடுத்த வேலைதானே இது, நீங்களே வந்து நிறுத்துங்க."

போனில் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் வாசலிலும் சொன்னார் தியாகேசன். தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை அந்த மனுஷனுக்கு.

"நான் பிளாக் எழுதத்தான் சொல்லிக்கொடுத்தேன் சார். ஆவியா வரச் சொல்லிக்கொடுக்கலை," என்றேன்.

அனுராதா அவர் மனைவி. வலைப்பூ எழுதக் கற்றுக்கொடுக்கும் என் சனிக்கிழமை வகுப்புக்கு வந்த பதினாலு பெண்களில் ஒருத்தி.

வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். தலைப்பைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியவேண்டும். ஊருக்கே எழுதாதே, ஒரே ஒரு ஆளை எதிரே உட்கார வைத்துக்கொண்டு எழுது. இதையெல்லாம் மற்றவர்கள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் வீட்டுக்குப் போய்ச் செய்தாள். சமையல், வயல், வீடு என்று அவள் எழுதியதை மூவாயிரம் பேர் படித்தார்கள்.

"போன வாரம் என்ன எழுதினா தெரியுமா?" போனை நீட்டினார்.

'கண்ணாடியைத் தேடாதீங்க. மோட்டார் கொட்டகை ஜன்னல்ல இருக்கும்.'

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"வருஷக் கணக்கா ஒரே இடத்துல மறந்து வச்சா பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

"சரி, இது?" விரலால் தள்ளி ஜூன் மாதத்துக்குப் போனார்.

'இன்னிக்கு நம்ம வாய்க்கால்ல தண்ணி எட்டிப் பாத்திருக்கும். செருப்பைக் கழட்டிட்டு இறங்குங்க.'

"அந்த வாய்க்கால்ல கடைசி வயல் எங்களதுங்க. தண்ணி என்னிக்கு வந்து சேரும்னு அதைத் திறந்து விடுற ஆபீஸ்காரங்களுக்கே தெரியாது. அன்னிக்குக் காலைலதான் வந்துச்சு. நான் செருப்போடதான் இறங்கப் போனேன்."

நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் ஜெபம் சொல்லிக்கொடுத்தார்கள், பேய் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவள் எழுதுகிற அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தேன். திரை ஓரத்தில் அவள் விரல் பட்ட தடம், மஞ்சளாக, அப்படியே இருந்தது. தியாகேசன் உள்ளே கால் வைக்கவில்லை. நிலைக்கு வெளியிலேயே நின்றார்.

கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தவள் நான்தான். பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. திறந்து பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது.

"முன்கூட்டியே எழுதி, தேதியும் நேரமும் போட்டு வச்சுட்டா, அந்த நாள் வந்ததும் தானே வெளியே போயிடும் சார். ஊருக்குப் போற பொம்பளைங்களுக்காக நான் சொன்ன யோசனை. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே உட்கார்ந்து எழுதி வச்சிருக்கா. பேயுமில்லை, பிசாசுமில்லை."

"இன்னும் எத்தனை இருக்கு?"

"பன்னிரண்டு. இன்னிக்குப் பத்து மணிக்குப் போக வேண்டியதையும் சேர்த்து."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன, தீர்ந்துச்சு."

அவர் முகம் வெளிறிப்போனது. மணி ஒன்பது ஐம்பது.

"அப்ப இப்பவே நிறுத்துங்க மேடம். ஒண்ணுகூட வெளியே போக வேணாம்."

வரும்போதே பக்கத்து வீட்டு அம்சம் என் காதைக் கடித்திருந்தாள். "குத்தாலத்துல பொண்ணு பாத்தாச்சாம்க்கா."

புரிந்துவிட்டது. புதுசு வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் பழசின் குரல் அடங்க வேண்டும்.

"என்ன சார், குத்தாலத்துக்காரங்க படிச்சுடுவாங்கன்னு பயமா?"

"எங்க அக்காதாங்க பாத்திருக்கு," என்று மட்டும் சொன்னார்.

மறுக்கவில்லை. எனக்கு அது போதும். வெளியே போகாமல் நிறுத்தினால் அத்தனையும் உள்ளேயே கிடக்கும். நாளைக்கு வருகிறவள் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, சிரித்துச் சிரித்துப் படிப்பாள். அதற்காகவா அனுராதா எழுதினாள்?

பன்னிரண்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன். முதல் தலைப்பு கண்ணில் பட்டது. 'இன்னிக்காவது தலைக்கு எண்ணெய் வச்சுக்குங்க.'

திரும்பிப் பார்த்தேன். பரட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்தார் தியாகேசன். விரல் பொத்தான் மேலேயே நின்றது.

ஒரு கணம்தான். அழித்தேன். குப்பைத்தொட்டியையும் திறந்து காலி செய்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

"ஆச்சு சார். இனிமே வராது. நிம்மதியா இருங்க."

அப்போதுதான் அவர் அறைக்குள் வந்தார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. அதன் காலடியில், தரையில் உட்கார்ந்தார்.

"முதல்ல பயந்துதாங்க உங்களைக் கூப்பிட்டேன். பன்னிரண்டுதான்னு நீங்க சொன்னதும் அந்தப் பயம் போயி வேற பயம் வந்துடுச்சு. வாரத்துக்கு ஒண்ணா விட்டா தீர்ந்துடும்ல? அப்புறம் அவ எங்கிட்டப் பேச என்ன இருக்கு?"

நான் லேப்டாப்பை மூடினேன்.

"குத்தாலம் வேணாம்னு அக்காகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். அனுராதா சொல்றதுக்கு இன்னும் பன்னிரண்டு பாக்கி இருக்குன்னா, அதை வச்சே என் காலத்தை ஓட்டிடுவேன்."

வாசலில் பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். தியாகேசன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ளேயே பத்திரமா கிடக்கட்டும் மேடம். என்னிக்காவது ரொம்ப முடியலேன்னா உங்களுக்கு போன் பண்றேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் திறந்து காட்டுங்க. காட்டுவீங்கள்ல?"