மூவாயிரம் ரூபாய்ச் சேவல்

இத எனக்கு முதல்ல சொன்னது எங்க பக்கத்து வீட்டு ரெஜிஷா. போன செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் நவநாள் முடிஞ்சு கோயில் நடையில செருப்பைத் தேடிக்கிட்டு நின்னப்போ சொன்னா. சொல்ல விடாம அவளுக்குச் சிரிப்பு. கேட்ட எனக்கும்தான். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

நாலு மாசமா வீட்டு லோன் கட்டாத ஒரு பொம்பள, கோயில் ஏலத்துல நேர்ச்சைச் சேவலுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு வரைக்கும் கேட்டா, ஊரு சும்மா இருக்குமா?

"கொழுப்பு"ன்னு சொல்லிச்சு.

அந்தப் பொம்பள சத்தியபாய். இராஜாக்கமங்கலம் துறைப் பக்கம் வீடு. மாப்பிள்ளை மஸ்கட்டுல. அங்க கம்பெனிக்காரன் நாலு மாசமாச் சம்பளம் போடல. இங்க தவணை நின்னு போச்சு.

லோன் கொடுத்த ஆபீஸிலிருந்து பிரைட்டன்னு ஒரு சார் விடாம போன் பண்ணுவார். சத்தியபாய் எடுக்கவே மாட்டா. அவர் நம்பரை 'அலகை'ன்னு, அதான் பிசாசுன்னு, பேர் போட்டு வச்சிருந்தா. செபமாலை சொல்லும்போது அந்தப் பேரு போன்ல மின்னிச்சுன்னா, அடுத்த மணி எதுன்னு மறந்து போகும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மெசேஜ் வந்துச்சு. திங்கக்கிழமைக்குள்ள வந்து பேசலன்னா, வீட்டுக் கதவுல நோட்டீஸ் ஒட்டுவாங்களாம்.

"அந்தோணியாரே, நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு நாகர்கோவில் ஆபீஸுக்குப் போவேன்? நீரே ஒரு வழி பண்ணும்"னு ராத்திரி முழுக்க அழுதா.

அந்தோணியார் வேலையில சுணக்கமே கிடையாது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வெளிய வந்தா, கொடிமரத்துக்கு அந்தப் பக்கம் அலகையே நிக்கிது! லோன் பேப்பர்ல கையெழுத்து வாங்கின அதே மொகம். மாமியாருக்கு நினைவுப் பூசை கொடுக்க வந்திருக்கார் மனுஷன்.

நடுவுல ஏலக் கூட்டம். கோயில் காரியம் பாக்குற கோயில்பிள்ளை அந்தோணிப்பிச்சை ஒரு கையில சேவல், மறு கையில மைக்குமா, "ஐநூறு... ஐநூறு..."ன்னு ராகம் போட்டுக்கிட்டு நின்னார். ஒரு கை தூக்கினா ஐநூறு கூடும். புனிதர் முன்னால தூக்கின கைய இல்லேன்னு சொல்லப்பிடாது. அது அந்த ஊர்ச் சட்டம்.

பிரைட்டன் பைக் சாவிய எடுத்தார். போயிருவார்!

சத்தியபாய் எம்பிக் கையத் தூக்கினா. "சாரே!"

"சத்தியபாய் ஆயிரம்!"னார் கோயில்பிள்ளை.

"ஐயோ, நான் ஏலம் கேக்கல அண்ணே!"

மைக்குச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?

பிரைட்டன் திரும்பிப் பாத்தார். அவளையே ஒரு நிமிஷம் முறைச்சார். கையத் தூக்கினார்.

"சார் ஆயிரத்து ஐநூறு!"

"வேண்டாம் சாரே, வேண்டாம்!"னு சத்தியபாய் ரெண்டு கையையும் ஆட்டினா.

"ரெண்டு கை! சத்தியபாய் ரெண்டாயிரத்து ஐநூறு!"

"ஏட்டி, லோன் கட்ட பைசா இல்ல, சேவலுக்கு இருக்கோ?"ன்னு பின்னால ஒருத்தி கேட்டா.

சத்தியபாய்க்கு மண்ணு பிளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு. அங்கிருந்து பிரைட்டன், 'கையக் கீழ போடு'ன்னு கண்ணாலயே அதட்டிக்கிட்டு மறுபடியும் கேட்டார்.

"மூவாயிரம்! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

சேவல அக்குள்ல இடுக்கிக்கிட்டு அவர் நேரா இவகிட்ட வந்தார். வீடு போச்சுன்னே நினைச்சா.

"நீங்க கூப்பிட்டது என்னையத்தானே அக்கா?"

"ஆமா சாரே."

"தெரியும். அதுனாலதான் நான் கேட்டேன். இல்லேன்னா இந்தச் சேவல் உங்க தலையில விழுந்திருக்கும். எத்தனை போன் பண்ணினேன்? பிடிச்சுத் தின்னவா கூப்பிட்டேன்?"

சத்தியபாய் மஸ்கட் கதையெல்லாம் கொட்டித் தீத்தா. இடையில சேவல் ரெண்டு தடவை கூவிச்சு.

"இத முதல் மாசமே சொல்லியிருந்தா இம்புட்டு வட்டி ஏறியிருக்குமா? நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீஸுக்கு வாங்க. அவருக்கு எப்போ வரைக்கும் சம்பளம் வந்துதுன்னு காட்ட பேங்க் புத்தகம் வேணும். ஒரு மனு எழுதிக் குடுங்க. தவணையக் குறைச்சு வருஷத்தக் கூட்டுறதுக்கு வழி உண்டு. நோட்டீஸ் போகாம நான் பாத்துக்கிடுறேன்."

"நெசமாவே செய்வாங்களா சாரே?"

"கேட்டா செய்வாங்க. நீங்க கதவப் பூட்டிட்டு உள்ள இருந்தா எனக்கு என்ன தெரியும்?"

சத்தியபாய் முந்தானையால கண்ணத் தொடைச்சா. நாலு மாசத்துக்கப்புறம் அன்னிக்குத்தான் முழுசா மூச்சு விட்டா.

அப்போ கோயில்பிள்ளை நோட்டும் மைக்குமா வந்து நின்னார். "சார், மூவாயிரம்."

பிரைட்டன் மொகம் வாடிப் போச்சு. கோயில்பிள்ளையக் கொடிமரத்துக்குப் பின்னால கூட்டிக்கிட்டுப் போய், சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் சொல்ற குரல்ல சொன்னார்:

"மாசக் கடைசி பாருங்க... இப்போ ஐநூறு வச்சுக்கிடுங்க. மிச்சத்த ரெண்டு தவணையா..."

அந்தோணிப்பிச்சைக்கு மெதுவாப் பேசத் தெரியாது. மைக்கை அணைக்கவும் மறந்துட்டார்.

"தவணையா? அப்போ இந்த ஊர்க்காரங்க ஒருத்தர் ஜாமீன் நிக்கணுமே சாரே!"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பாத்துச்சு. வீட்டு லோன் ஆபீஸருக்கு ஜாமீன் நிக்க ஒரு ஆம்பளை அசையல.

"நான் நிக்கேன்"னா சத்தியபாய்.

இத வாசிச்ச கையோட பிரைட்டன் சாருக்காக ஒரே ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்க. இன்னும் ஒரு தவணை பாக்கியாம்.