வலப்பக்கம்

மண்ணெண்ணெய் ரேஷன் வரிசை கலைந்த வரதராசன்பேட்டைக் கடைத்தெருவில் மாலை வெயில் சாய்கிறது. முறிந்த காலில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருக்கும் மிக்கேலுக்கு வயிறு எரிகிறது. பன்னிரண்டு வருடமாகத் தன்னோடு உலாத்திய சின்னப்பராஜ் இன்று புது வாத்தியாரோடு போகிறார். வாத்தியார் ஏதோ சொல்ல, தலையாட்டிச் சிரிக்கிறார். ஆனால் வாத்தியார் நடப்பது சின்னப்பராஜின் இடப்பக்கம். அந்தப் பக்கக் காது கேட்காது என்பதை அவர் மிக்கேலைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. “பேசுங்க சார், நல்லாப் பேசுங்க,” என்று மிக்கேல் மீசைக்குள் சிரித்துக்கொள்கிறார். புளியமரம் வரை போனவர்கள் திரும்பி வருகிறார்கள். மிக்கேலின் வாசலுக்கு நேரே, மூக்குப்பொடி டப்பாவை நீட்டியபடி, சின்னப்பராஜ் வாத்தியாரின் தோளைத் தொட்டு நிறுத்துகிறார். “இந்தப் பக்கமா வந்துடுங்க சார். அந்தக் காது எனக்குக் கேக்காது.” மிக்கேல் வழக்கமாக நடக்கும் வலப்பக்கத்துக்கு வாத்தியார் வந்துவிடுகிறார்.